குறிப்புக் கொப்பிக்கு அப்பால்

வரலாற்றைப் பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகம் புகும் மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு புதுமையைக் காண்கிறார். பாடசாலையில் அவருடைய பொழுதைப் பிறர் மணியடித்துப் பங்கிட்டுக் கொடுத்தனர். எஞ்சிய மாலைப்பொழுதைத் தனியார் வகுப்பு எடுத்துக்கொண்டது. இங்கோ ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று விரிவுரைகளே உண்டு. மீதிப் பொழுது முழுவதும் அவருடையது. பொரளையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு எடுத்த அறையில் அமர்ந்து, இப்பொழுதை என் செய்வது என்று அவர் திகைக்கிறார். இத்திகைப்புக்கு வழக்கமான மருந்து ஒன்று உண்டு. மூத்த மாணவரின் விரிவுரைக் குறிப்புகளை வாங்கிப் படியெடுத்தல். பழைய வினாத்தாள்களைத் திரட்டி, இவ்வாண்டு எந்த வினா வரும் என்று கணித்தல். கணித்த வினாவுக்கு விடையை நெட்டுருச் செய்து, தேர்வு மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டு வெளியேறுதல். பட்டமும் கிடைத்துவிடுகிறது.

இவ்வாறு பட்டம் பெறுவதால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். வரலாறு படித்தவர் நாளை ஆசிரியராகிறார், பாடநூல் எழுதுகிறார், பத்திரிகையில் எழுதுகிறார், மேடையில் பேசுகிறார். ஆராயாமல் அவர் பெற்றுக்கொண்ட கதை, ஆராயப்படாமலே ஆயிரம் பிள்ளைகளின் நெஞ்சில் இறங்குகிறது. அத்தகைய கதை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போகவேண்டியதில்லை. பொரளைச் சந்தியே போதும். அதனைப் பின்னர்க் காண்போம். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்பவர் தாமே கற்பவராக மாறுவது எங்ஙனம், அம்மாற்றத்தில் சமுதாயத்துக்கு உள்ள பங்கு யாது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

குறிப்புகள் பிறந்த கதை

நெட்டுருக் கல்வியைக் கண்டிக்கும்போது மாணவரின் சோம்பலைக் குறைகூறுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. குறிப்புக் கொப்பிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1921-ஆம் ஆண்டில் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது, பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தஞ் செய்யப்பட்டனர். பட்டத்துக்குரிய அளவுகோல் கடலுக்கு அப்பால் இருந்தது. காணாத தேர்வாளரின் உள்ளக்கிடக்கையை ஊகித்து எழுதுவதே வெற்றிக்கு வழி எனும் பழக்கம், நமது உயர்கல்வியின் தொட்டிலிலேயே குடிகொள்ள இடம் உண்டாயிற்று. 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியது; ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானார். 1945-இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 முதல் கலைத்துறைகளில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. ஆங்கிலம் அறிந்த ஒரு சிறு வகுப்பாரின் பிள்ளைகள் நுழைந்த வாயிலில், உழவர், தொழிலாளர், சிறு வணிகர், ஊர்ப் பாடசாலை ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகளும் நுழையலாயினர். கடந்த நூற்றாண்டில் இந்நாட்டில் நிகழ்ந்த பெரும் சமூக மாற்றங்களுள் இது ஒன்று. இதனைப் பழித்து, ஆங்கிலக் கல்விக் காலமே பொற்காலம் என்போரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

ஆயினும் வாயில் திறந்த அளவுக்கு நூலகம் திறக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. பல்கலைக்கழகமே வெளியிட்ட இலங்கை வரலாற்றின் முதலாந் தொகுதி 1959-இலும் 1960-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது, மொழி ஆங்கிலம். கல்வெட்டுப் பதிப்புகள் ஆங்கிலத்தில். ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்நிலையில் தமிழில் விரிவுரை கேட்ட மாணவருக்கு விரிவுரையாளரின் வாய்ச்சொல்லே பாடநூலாகவும் துணைநூலாகவும் ஆய்விதழாகவும் அமைந்தது. அதனைச் சொன்னபடி எழுதிக்கொள்வதைத் தவிர அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? நூலில்லாக் குறையை நிரப்ப வந்தது குறிப்பு. நாளடைவில் நூல் கிடைக்கும் இடத்திலும் அதுவே நூலின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொண்டது. நோயின் வேர் இங்கேதான் உள்ளது. மாணவருக்கு அறிவுரை கூறுவதால் மட்டும் அது தீராது.

கல்லின் முன்னே

தாமே கற்றல் என்றால் யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

பொரளையிலிருந்து வாட் பிளேஸ் வழியாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 1877-இல் திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலையை அடைந்துவிடலாம். காலியிலே 1911-இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கு உள்ளது. சீனப் பேரரசின் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடையது இக்கல். அது தாங்கும் காலம் 1409-ஆம் ஆண்டு. குறிப்புக் கொப்பியில் இது ஒரே வரியில் முடிந்துவிடும்: “மும்மொழிக் கல்வெட்டு, 1409, சீனத் தொடர்புக்குச் சான்று.” தேர்வுக்கு இவ்வரி போதும்.

கல்லின் முன்னே நிற்பவருக்கோ இவ்வரி போதாது. மூன்று மொழிகள் எவை என்று நோக்குகிறார்: சீனம், தமிழ், பாரசீகம். தென்னிலங்கையில் நாட்டிய கல்லில் சிங்களம் ஏன் இல்லை? தமிழ் ஏன் உண்டு? அதனை யார் வாசிப்பார்கள் என எண்ணிப் பொறித்தனர்? அக்காலத்து இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழும் பாரசீகமும் வகித்த இடம் யாது? மேலும் பார்க்கிறார்: சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை கூறுகிறது, தமிழ் வாசகம் தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரைத் தெய்வத்துக்குக் கூறுகிறது, பெரிதும் தேய்ந்துபோன பாரசீக வாசகம் இஸ்லாத்தைச் சார்ந்து நிற்கிறது. ஒரே பேரரசன் மூன்று சமயத்தாருக்கும் ஏன் காணிக்கை வைத்தான்? பக்தியா, வணிகமா, அரசியலா? இனி வேறு நூலைப் புரட்டினால், இதே கடற்படை 1411-இல் இலங்கை மண்ணில் போரிட்டு அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சென்றதாகச் சீன வரலாற்றேடுகள் கூறுவதைக் காண்கிறார். காணிக்கையைச் சொன்ன கல்லில் போரைப் பற்றிய பேச்சே இல்லை.

இப்போது அவருக்கு ஒரு பேருண்மை புலனாகிறது. கல்வெட்டாயினும் தன்னை நாட்டியவர் சொல்ல விரும்பியதையே சொல்லும். அதனை ஏனைய சான்றுகளோடு வைத்து வினவினாலன்றி முழு உண்மை வெளிப்படாது. தமிழ்ப் பெருமை பேசுவோர் இக்கல்லைக் காட்டித் தென்னிலங்கையே தமிழ் நிலமாக இருந்தது என்று முழங்கலாம். மற்றோர் அதன் தமிழ்ப் பகுதியைச் சொல்லாமலே விடலாம். கல் இவ்விரண்டுக்கும் இடந்தரவில்லை. அது எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்று பிரித்தறியும் அந்தக் கணத்திலேயே மாணவர் வரலாறு கற்கத் தொடங்குகிறார்.

மகாவம்சத்தையும் இவ்வாறே கொள்ளலாம். எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத போரை மேடைதோறும் இழுப்போர் இருசாராரிலும் பலர். அந்நூலையே எடுத்து வாசிப்போர் சிலரே. வாசிப்பவர் காண்பது யாது? சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் நட்பார், பகைவர் என்ற வேறுபாடின்றி நீதி செலுத்தினான் என்று அப்பௌத்த நூலே கூறுகிறது. அவனை வென்ற துட்டகைமுனு அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி வணக்கம் செலுத்தச் செய்தான் என்பதும் அதே நூலில் உள்ளது. அதே வேளையில், அந்நூல் போர் நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, மகாவிகாரைத் துறவியரின் நோக்கில் எழுதப்பட்டது என்பதையும் மாணவர் மறக்கலாகாது. மேடைப்பேச்சுக்கும் மூலநூலுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒருமுறை அளந்தறிந்தவர் பின்னர் எந்த மேடைப்பேச்சையும் எளிதில் நம்பமாட்டார்.

பேராசிரியரை மறுக்கலாமா?

பல்கலைக்கழகத்தில் மாணவர் எதிர்ப்படும் அடுத்த தடை பெரியோர்மீதுள்ள அச்சம். அச்சில் வந்தது பொய்யாகுமா, பேராசிரியர் பிழைபடுவாரா எனும் ஐயம் நமது வீட்டு வளர்ப்பிலேயே ஊறியது. இதற்கு நமது நாட்டு வரலாற்றியலே தக்க விடை தந்துள்ளது.

செனரத் பரணவிதான (1896–1972) இந்நாட்டுக் கல்வெட்டாராய்ச்சியில் நிகரற்ற பெயர். 1940 முதல் 1956 வரை தொல்பொருளாணையாளராகவும், பின்னர்ப் பேராதனையில் பேராசிரியராகவும் விளங்கியவர். மேலே கூறிய மும்மொழிக் கல்லின் தமிழ்ப் பகுதியை ஆராய்ந்து பதிப்பித்தவரும் அவரே. அப்பெரியார் தம் முதுமையில், அறியப்பட்ட கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே மற்றும் ஒரு நுண்ணெழுத்து வாசகம் பொறிக்கப்பட்டுள்ளதென்று கூறி, அதனை ஆதாரமாகக் கொண்டு இலங்கைக்கும் மலாய் உலகுக்கும் இருந்த உறவு குறித்து 1966-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வெழுத்துகள் பிறர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அப்போது இளைஞராயிருந்த லெஸ்லி குணவர்த்தன அடுத்த ஆண்டிலேயே அந்நூலின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து மறுத்தெழுதினார். பெரியவரின் வாழ்நாட் பணியைப் பழித்தலன்று அது. அப்பணி கற்பித்த முறையை அவர்மீதே செலுத்துதல். ஆசிரியருக்கு மாணவர் தலைமுறை செய்யத்தக்க மரியாதை இதனினும் வேறு உண்டா? அதே குணவர்த்தன 1979-இல், சிங்களவர் என்ற அடையாளமே வரலாற்றில் எவ்வாறு படிப்படியாக உருவாகி மாறிவந்தது என்று ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டபோது, தம் சமூகத்தாரின் கடுங்கண்டனத்துக்கு ஆளானார். ஆயினும் அவ்வினாவை ஒதுக்கிவிட்டு இலங்கை வரலாறு எழுதுவது இன்று எவருக்கும் இயலாது.

மற்றோர் எடுத்துக்காட்டு இதனினும் அரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கா. இந்திரபாலா, இலங்கையில் தமிழ்க் குடியேற்றங்கள், யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் ஆகியன பற்றி 1965-இல் இலண்டனில் ஆய்வேடு அளித்துப் பட்டம் பெற்றவர். நாற்பது ஆண்டுகளின் பின், புதிய தொல்லியற் சான்றுகளையும் புதிய ஆய்வுமுறைகளையும் கொண்டு, தமது பழைய முடிபுகளைத் தாமே திருத்தி 2005-இல் ஒரு நூல் எழுதினார். இலங்கையின் சிங்களவரும் தமிழரும் இத்தீவின் பண்டை மக்கட் கூட்டத்திலிருந்து நீண்டகால மாற்றங்களினூடே உருவான இரு இனக்குழுக்கள் என்பது அந்நூல் தரும் விளக்கம். பிறரை மறுப்பதற்கு அறிவு போதும். தம்மையே திருத்துவதற்கு அறிவோடு நேர்மையும் வேண்டும். முதலாண்டு மாணவர் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பாராயின், பத்து விரிவுரைகளில் பெறமுடியாத பாடத்தைப் பெறுவார்.

தனித்து நிற்றலும் தனிமையும்

தாமே கற்றல் என்பதை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கற்றல் என்று சிலர் பொருள்கொள்கின்றனர். அது தவறு. இந்திய வரலாற்றியலைப் புதுவழியில் திருப்பிய டி. டி. கோசாம்பி (1907–1966) தொழிலால் கணித அறிஞர். வரலாற்றில் அவருக்கு வகுப்பெடுத்தவர் எவருமிலர். பழைய முத்திரை நாணயங்களை நிறுத்து, தேய்மானத்தைக் கணித்து, அவை எவ்வளவு காலம் கைமாறின என்று ஆராய்ந்தார். புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஊர்ப்புறங்களிலும் நடந்து, கற்கருவிகளையும் கிராம தேவதைகளின் திருப்பதிகளையும் கண்டு, அங்குள்ள எளிய மக்களின் வழக்கங்களிலிருந்து பண்டைக்கால வாழ்வை உய்த்துணர்ந்தார். 1956-இல் வெளிவந்த அவரது இந்திய வரலாற்று அறிமுக நூல் இவ்வுழைப்பின் விளைவே. ஆதிவாசியையும் இடையனையும் உழவனையும் தம் ஆசிரியராகக் கொள்ளும் பணிவு அவருக்கிருந்தது.

தமிழகத்தில் நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். பல்கலைக்கழகப் பதவியில் அமர்ந்தவரல்லர். அவரைச் சூழ்ந்து உருவான நெல்லை ஆய்வுக் குழுவில் ஆசிரியர்களும் மாணவர்களும் தாம் எழுதியதை வாசித்து, ஒருவரையொருவர் மறுத்து, திருத்தி, ‘ஆராய்ச்சி’ இதழில் வெளியிட்டனர். நாட்டார் கதைப்பாடல்கள் வரலாற்றுச் சான்றாகும் என்பதைத் தமிழுலகு அங்கே கற்றது. நமது நாட்டிலும் பல்கலைக்கழகம் தோன்றுமுன்னரே முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்தனர். ஒருவர் அரச ஊழியர். மற்றவர் கத்தோலிக்கத் துறவி. பல இடங்களில் ஒருவரோடொருவர் மாறுபட்டனர். அவ்வாதத்தால் யாழ்ப்பாண வரலாறு வளம் பெற்றது. இவர்தம் முடிபுகள் பலவற்றை இன்று நாம் ஏற்கமாட்டோம், முயற்சியை ஏற்கலாம்.

ஆகவே புதிய மாணவர் செய்யத்தக்கன சில உண்டு. ஒரு பொருள்பற்றி ஒரு நூலோடு நில்லாது, மாறுபட்ட இரு நூல்களை எதிரெதிர் வைத்து வாசிக்க வேண்டும். எங்கே மாறுபடுகின்றன, எந்தச் சான்றால் மாறுபடுகின்றன என்று குறிக்க வேண்டும். ஆசிரியர் கூற்றை ஒரு பக்கத்திலும் தமது கருத்தை மறு பக்கத்திலும் எழுதிப் பழகினால், இரண்டும் கலந்து குழம்பா. நூலின் பெயரும் பக்க எண்ணும் இல்லாத குறிப்பு, தேதியில்லாத கடிதத்தை ஒக்கும். வாரத்துக்கு ஒரு பக்கமேனும் நூலைப் பாராமல் தம் சொல்லில் எழுத வேண்டும். எழுத முடியாதது இன்னும் விளங்காதது என்று கொள்ளலாம். எழுதியதை நாலைந்து தோழர்கள் கூடி வாசித்து, “இதற்கு ஆதாரம் என்ன?” என்ற வினாவைக் கூசாமல் கேட்க வேண்டும். அக்கூட்டத்தில் சிங்கள மாணவர் ஒருவரேனும் இருப்பாராயின் பயன் இருமடங்காகும். தமிழ் மாணவர் சிங்களத்தையும் சிங்கள மாணவர் தமிழையும் ஏடு வாசிக்கும் அளவுக்காவது கற்றல் வேண்டும். மொழி அறியாதவர் மற்றவரின் வரலாற்றை மூன்றாம் ஆளின் வாயிலிருந்தே கேட்க நேரும்.

பொரளையே ஏடாக

மூலச் சான்று என்றவுடன் மாணவர் அநுராதபுரத்தையோ இலண்டன் ஆவணக் களரியையோ எண்ணுகிறார். பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான ஏட்டுத் தொகுதிகளும், ஆங்கில ஆட்சியின் கடிதக் கோவைகளும் உள்ளன. அச்சுச் சட்டம் வந்த 1885-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் அச்சான நூல்கள் நூதனசாலை நூலகத்தில் சேரலாயின. இவை அருகிருந்தும் பட்டம் பெறும்வரை இவற்றின் வாயிலை மிதியாத வரலாற்று மாணவர் பலர்.

அங்கே போகுமுன், குடியிருக்கும் பொரளையையே அவர் வாசித்துப் பார்க்கலாம். கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளை வரை ஒருகாலத்தில் ட்ராம் வண்டி ஓடியது. அவ்வண்டித் தொழிலாளர் 1929-இல் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது மருதானையில் பொலிசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 1972-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அந்நூலைக் கையிற்கொண்டு அவ்வீதியில் நடப்பவருக்கு வீதி வேறாகத் தெரியும். தெருப் பெயர்களும் சான்றே. கொட்டா வீதி இன்று கலாநிதி என். எம். பெரேரா மாவத்தை, ரீட் அவெனியு பிலிப் குணவர்த்தன மாவத்தை. பெயரை மாற்றியவர் யார், எந்த ஆண்டில், எந்த அரசியற் சூழலில் என்று தேடப் புகுந்தால் அதுவே ஒரு முதலாண்டு ஆய்வுக்குப் போதுமான பொருள்.

1841-இல் ஆங்கிலேயர் கட்டிய வெலிக்கடைச் சிறையும் இங்கேதான். கனத்தை மயானமும் இங்கேதான். 1983 யூலை 23-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்களை அடக்கஞ் செய்வதற்கெனக் கனத்தையில் மறுநாள் மாலை கூட்டம் கூடியது. இரவில் பொரளையில் மூண்ட தீ கொழும்பெங்கும் பரவி, நாட்டின் பல பகுதிகளையும் பற்றியது. தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் 25-ஆம், 27-ஆம் தேதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். கொலைவெறி ஒரே இரவில் பிறந்ததன்று. அதற்குப் பொருளாதார நெருக்கடியும் அரசியல் சூழ்ச்சியும் காரணங்களாயின. ஆயினும், அண்டை வீட்டானை ஈராயிரம் ஆண்டுப் பகைவனாகக் காணும் கண் யாரால் கொடுக்கப்பட்டது என்று வரலாற்றுத் துறையினர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பாடநூலில் படித்த போரைத் தெருவில் தொடர்வதாக எண்ணிய இளைஞர் எத்தனை பேர்? வரலாற்றை ஆராயாமல் ஒப்புவிக்கும் கல்வியின் தீங்கு என்று நாம் தொடக்கத்தில் கூறியது இதனையே.

சான்று நமக்கெதிராக நிற்கும்போது

அவ்வாரத்தில் இறந்தோர் எத்தனை பேர்? அரசாங்கம் சொன்ன எண் சில நூறு. பிற மதிப்பீடுகள் மூவாயிரம் வரை செல்கின்றன. ஒப்புவிக்கும் மாணவர் தமக்கு உவந்த எண்ணை எடுத்துக்கொள்வார். கற்கும் மாணவர் ஒவ்வோர் எண்ணையும் யார், எப்போது, எதனைக் கொண்டு கணக்கிட்டனர் என்று கேட்பார். நிறுவ முடியாத எண்ணைச் சொல்லாததால் துயரம் சிறிதாகிவிடாது. நிறுவ முடியாததைச் சொன்னால், மறுப்பவன் கையில் ஆயுதம் கொடுத்தவராவோம்.

இதனினும் கடிய சோதனை ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குச் சில மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. 1999 யூலை 29-இல், பொரளைக்கு அணித்தான கின்சி வீதியில், நீலன் திருச்செல்வம் என்ற தமிழ் அறிஞரைக் கொன்றவர் தற்கொலைக் குண்டுதாரி. அதுவும் புலிகளின் செயலே. 1983-ஐ ஆண்டும் நாளுமாகச் சொல்லத் தெரிந்த தமிழ் மாணவருக்கு இவ்விரண்டும் அவ்வாறே சொல்லத் தெரியுமா? தெரியாதாயின், அவர் கற்றது வரலாறன்று. வழக்கறிஞர் கட்சிக்காரனுக்காகத் திரட்டும் குறிப்பு.

இடதுசாரிகளாகிய நமக்கும் விலக்கில்லை. 1955-இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம தகுதி வேண்டுமென்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொணர்ந்தவர் என். எம். பெரேரா. 1956-இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்றன இடதுசாரிக் கட்சிகள். பத்தாண்டு கழிந்து 1966 சனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கெதிராக ஊர்வலம் சென்றவையும் அதே கட்சிகள். 1972-இல் சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் உடையதாகவும் அமைந்த அரசியலமைப்பை அரசியல் நிர்ணய சபையில் முன்னின்று நடத்தியவர் கொல்வின் ஆர். த சில்வா. இவ்வீழ்ச்சி ஏன் நிகழ்ந்தது? தலைவர்களின் பலவீனமா, தேர்தற் கூட்டின் தேவையா, தொழிலாளி வர்க்கமே இனவாரியாகப் பிரிந்துபோன நிலையா? இவ்வினாவைத் தோழமை கருதி மறைப்பவர் இடதுசாரி இயக்கத்துக்கு உதவி செய்பவரல்லர். தம் அணியின் தோல்வியைச் சான்றோடு ஆராயத் துணிந்தவரே நாளை அதனைத் திருத்தவும் வல்லவராவார்.

நமது கடமை

1981 மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்து சாம்பலாயின. தாமே கற்கும் உரிமையின்மீது இடப்பட்ட தீ அது. நூலகம் இல்லாத ஊரில் தாமே கற்பவன் எனும் சொல்லுக்குப் பொருளில்லை. 2005-இல் ஆர்வலர் சிலர் தொடங்கிய நூலகம் எனும் இணைய எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் திரட்டி, விலையின்றி எவரும் வாசிக்க வைத்துள்ளது. தலவாக்கலையிலும் வவுனியாவிலும் இருக்கும் மாணவர் அரைநூற்றாண்டுக்கு முந்திய ஏட்டை இன்று தம் கைபேசியிலேயே புரட்டலாம். இதற்கு ஈடான முயற்சியை அரசும் பல்கலைக்கழகங்களும் செய்திருக்க வேண்டும்.

எனவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். இந்நாட்டு வரலாறு பற்றிய முதன்மையான ஆய்வுகள் ஒரு மொழியில் வெளிவந்தால் மற்ற இரு மொழிகளிலும் காலந்தாழ்த்தாது வெளிவர வேண்டும். வாடகை அறைகளில் நெருக்கியடித்துக் குடியிருக்கும் மாணவருக்கு இரவு வரை திறந்திருக்கும் வாசிகசாலைகள் நகரின் ஒவ்வொரு பகுதியிலும் வேண்டும். தேர்வு வினா, சொன்னதை ஒப்புவிக்கச் சொல்லாமல், முன்பின் காணாத ஒரு சான்றைத் தந்து அதனை ஆராயச் சொல்ல வேண்டும். வினா மாறாமல் கற்கும் முறை மாறாது. விரிவுரையாளர் முதல் நாளிலேயே ஒரு கல்வெட்டையோ தொம்பையோ சிறைப் பதிவையோ மாணவர் கையில் கொடுத்து, “இதிலிருந்து நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்பாராக. முதலில் மண்டபம் மௌனமாயிருக்கும். பிழையான விடைகள் சில வரும். அவற்றைச் சிரித்து அடக்காமல், ஏன் பிழை என்று சான்றால் காட்டும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும்.

மாணவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. இலவசக் கல்வி என்பது விலையற்ற கல்வியன்று. தேயிலை மலையிலும் வயலிலும் ஆலையிலும் வியர்வை சிந்துவோர் அதன் விலையைச் செலுத்துகின்றனர். வரலாறு கற்க உங்களை அனுப்பிய அம்மக்களின் பெயர் பெரும்பாலான வரலாற்று நூல்களில் இல்லை. அவர்களைப் பற்றிய சான்றுகள் சுவடிக்கூடத்திலும் தோட்டத்துப் பேரேட்டிலும் முதியோர் நினைவிலும் கிடக்கின்றன. குறிப்புக் கொப்பியை மூடிவிட்டு அவற்றைத் தேடிப் புறப்படுங்கள்.